நிலா தேடப் போற பையனுக்கு: அஞ்சு வருஷத்த எந்த வழியில போடலாம்?

அக்கா பையன் எம்.எஸ்சி ஃபிசிக்ஸ் கடைசி செமஸ்டர்ல இருக்கான். போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு போன் அடிச்சு, "மாமா, பிஎச்டிக்கு உயிர் இருக்க வாய்ப்புள்ள எக்ஸோமூன் தேடலாம்னு இருக்கேன், எந்த மெத்தட்ல போகட்டும்?"னு கேட்டான். எக்ஸோமூன்னா வேற நட்சத்திரத்த சுத்துற கிரகத்தோட நிலா. நான் வானியல் புரொஃபசர் எல்லாம் கெடையாது, சாஃப்ட்வேர் வேலை, ராத்திரில தூக்கம் வராதப்போ நாசாவோட கெப்ளர் டெலஸ்கோப் டேட்டாவ இறக்கி கிராஃப் போட்டு நோண்டிட்டு இருக்குற ஆளு, அவனுக்கு இத எல்லாம் சின்ன வயசுல காமிச்சு கெடுத்ததே நான்தான்னு அக்கா இன்னும் திட்டுது. அதனால பொறுப்பா பதில் சொல்லணுமேன்னு ரெண்டு வாரம் படிச்சு எழுதி அனுப்புனேன், அதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்க போடுறேன்.

மொதல்ல நிலவரம் என்னன்னா, நம்ம சூரிய குடும்பத்துக்கு வெளிய கண்டுபிடிச்ச கிரகங்கள் 2025 செப்டம்பர்ல 6000ஐ தாண்டிருச்சு. அந்த 6000 கிரகத்துல ஒண்ணுக்காவது நிலா இருக்குன்னு உறுதியானது எத்தனைன்னு பாத்தா பூஜ்யம். இங்க நம்ம சனி கிரகத்துக்கு மட்டும் 2025 மார்ச் கணக்குப்படி 274 நிலா. அப்ப அங்க நிலா இல்லாம இருக்காது, நம்ம கண்ணுல படல, அவ்ளோதான்.

அடுத்து, இவன் கேக்குறது ஏதோ ஒரு நிலா இல்ல, உயிர் இருக்க வாய்ப்புள்ள நிலா. ரெண்டும் வேற வேற வேலை, இத பிரிச்சு பாக்காமதான் நெறைய பேர் குழம்புறாங்க. 1997ல வில்லியம்ஸ், காஸ்டிங், வேட்னு மூணு பேர் போட்ட கணக்குல, ஒரு நிலா காத்த கோடிக்கணக்கான வருஷம் பிடிச்சு வச்சுக்கணும்னா பூமியோட எடைல குறைஞ்சது 0.12 பங்கு வேணும்னு வந்துச்சு. செவ்வாய் கிரகம் 0.107. நம்ம சூரிய குடும்பத்துலயே பெரிய நிலா வியாழனோட கேனிமீட், அதுவே 0.025தான். அதாவது கேனிமீட் மாதிரி நாலஞ்ச உருட்டி ஒண்ணாக்குனாதான் நம்ம லிஸ்ட்ல சேரும். இதுல இன்னொரு முட்டுக்கட்டை, வியாழன், சனி, யுரேனஸ் மூணுலயும் நிலாக்களோட மொத்த எடைய கூட்டுனா கிரகத்தோட எடைல சுமார் பத்தாயிரத்துல ஒரு பங்குதான் வருது, இது எல்லா ஊர்லயும் பொருந்தும்னா செவ்வாய் சைஸ் நிலா வேணும்னா வியாழன விட மூணு நாலு மடங்கு கனமான கிரகமா பாத்து தேடணும். சூரியவெளிச்சம் இல்லாம, வியாழனோட இன்னொரு நிலா யூரோப்பா மாதிரி ஐஸுக்கு அடியில கடல் வச்சிருக்குற நிலாவும் கணக்குல சேரும்னா சைஸ் குறைஞ்சாலும் பரவால்ல, ஆனா அதுக்குள்ள என்ன இருக்குன்னு இங்கருந்து எப்படி பாக்குறது? அத ஓரமா வைப்போம்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

எல்லாரும் மொதல்ல போறது டிரான்சிட். கிரகம் நட்சத்திரத்துக்கு குறுக்க போறப்போ வெளிச்சம் லேசா குறையும், கூட நிலா இருந்தா அதுவும் தன் பங்குக்கு கொஞ்சம் குறைக்கும். கேக்க சுலபமா இருக்கு. வியாழன் சைஸ் கிரகம் சூரியன மறைச்சா 1 சதவீதம் குறையும், பூமி சைஸ்னா பத்து லட்சத்துல 84 பங்கு, கேனிமீட் சைஸ்னா 14 பங்கு. நட்சத்திரமோ சும்மா இருக்காது, அதோட மேல்பரப்பு உலை வச்ச சோத்துப் பானை மாதிரி கொதிச்சுட்டே இருக்கும், கரும்புள்ளி வரும் போகும், அந்த ஆட்டமே சில சமயம் இத விட பெருசா இருக்கும்.

கெப்ளர்-1625பிங்கற கிரகத்தோட கதைய தெரிஞ்சுக்காம இந்த ஃபீல்டுக்குள்ள கால வைக்கக்கூடாது. நான் அந்த டேட்டாவ இறக்கி பாத்திருக்கேன். நாலு வருஷமா பாத்த நட்சத்திரம், ஆயிரக்கணக்கான புள்ளி, நேர்கோடு மாதிரி போயிட்டே இருக்கும், அதுல மூணே மூணு எடத்துல குழி. கிரகத்துக்கு ஒரு வருஷம்ங்கறது 287 நாள், அதனால நாலு வருஷத்துல அஞ்சு தடவைதான் வரும், அதுலயும் மூணு தடவைதான் கெப்ளர் கண்ணுல மாட்டிருக்கு. அந்த மூணு குழியோட ஓரத்துலயும் ஜூம் பண்ணி பாத்தா எனக்கு ஒரு எழவும் தெரியல, புள்ளிங்க ஈசல் மாதிரி சிதறி கெடக்கு. ஆனா டீச்சி, கிப்பிங்னு ரெண்டு விஞ்ஞானிங்க அதுல ஏதோ இருக்குன்னு மோப்பம் பிடிச்சு, ஹபிள் விண்வெளி டெலஸ்கோப்ல 40 மணிநேரம் கேட்டு வாங்கி, 2017 அக்டோபர் 28, 29ல பாத்தாங்க. கிரகம் எதிர்பாத்த நேரத்த விட கிட்டத்தட்ட 78 நிமிஷம் முன்னாடியே வந்துச்சு. அது கடந்து போய் மூணரை மணிநேரம் கழிச்சு இன்னொரு சின்ன குறைவு ஆரம்பிச்சுது, நாய்க்குட்டி பின்னாடியே வர்ற மாதிரி. அது முடியுறதுக்குள்ள ஹபிள்ல குடுத்த டைம் முடிஞ்சு போச்சு! கைக்கு எட்டுனது வாய்க்கு எட்டல.

2018ல பேப்பர் வந்துச்சு, நெப்டியூன் சைஸ் நிலான்னாங்க. 2019லயே க்ரைட்பெர்க் குழு அதே ஹபிள் டேட்டாவ தங்களோட முறையில சுத்தம் பண்ணி பாத்துட்டு நிலா குழியே காணோம்னாங்க, ஹெல்லர் குழுவும் சந்தேகம் கிளப்புச்சு. கிரகம் சீக்கிரம் வந்தது மட்டும் நின்னுச்சு, ஆனா அதுக்கு வேற ஒரு கிரகம் இழுத்ததும் காரணமா இருக்கலாமே. அடுத்து 2022ல கிப்பிங் குழு 70 குளிர்ந்த ராட்சச கிரகங்கள சலிச்சு, கெப்ளர்-1708பினு ஒண்ணுல பூமிய விட 2.6 மடங்கு சைஸ் நிலா இருக்கலாம்னாங்க. 2023 டிசம்பர்ல ஹெல்லரும் ஹிப்கேவும் ரெண்டு நிலாவுமே இருக்க வாய்ப்பு கம்மின்னு எழுதுனாங்க, அதுக்கு கிப்பிங் பக்கம் பதில், இன்னும் இழுபறிதான்.

கவனிச்சு பாத்தா சண்டை நிலா பத்தியே இல்ல. டெலஸ்கோப் சூடாகி குளுர்றப்போ அளவுல ஒரு மெதுவான சரிவு வரும், அந்த சரிவ நேர்கோடா எடுத்து கழிக்கிறதா வளைகோடா எடுத்து கழிக்கிறதாங்கறதுல ஒரு பக்கம் நிலா வருது, இன்னொரு பக்கம் மறையுது. துணிய வெளுக்கப் போய் அதுல இருந்த ஜரிகையும் போச்சா, இல்ல ஜரிகையே நம்ம சோப்பு நுரைதானா? இதுலதான் அஞ்சு வருஷம் போகும்டான்னு பையன்கிட்ட சொன்னேன். "அதுவும் ஃபிசிக்ஸ்தானே மாமா"ன்னான். சரி.

டிரான்சிட்டோட தம்பிதான் டைமிங். நிலா கிரகத்த லேசா ஆட்டும், அதனால கிரகம் கடக்குற நேரம் ஒவ்வொரு தடவையும் முன்னப்பின்ன ஆகும். 1999லயே சர்டொரெட்டி, ஷ்னைடர் இத சொல்லிட்டாங்க. வியாழன தூக்கி பூமி இருக்குற எடத்துல வச்சா கேனிமீட்டால நேரம் மூணு செகண்டு மாறும், அதே எடத்துல பூமி எடை நிலா இருந்தா ரெண்டு நிமிஷத்துக்கு கிட்ட, நானே போட்ட தோராயக் கணக்குதான் இது. ரெண்டு நிமிஷம்னா பிடிச்சிடலாம். பிரச்சனை என்னன்னா பக்கத்து கிரகமும் இதே மாதிரி நேரத்த ஆட்டும். அதுக்குத்தான் 2009ல கிப்பிங் இன்னொண்ணு சேத்தாரு, கடக்க எவ்ளோ நேரம் ஆகுதுங்கற கால அளவும் மாறும், ரெண்டு மாற்றமும் கால் சுத்து முன்னப்பின்ன வரும், அப்படி வந்தா நிலாதான்னு அடிச்சு சொல்லலாம். அழகான யோசனை. ஆனா இதுக்கு ஒரு கிரகத்தோட கடப்பு பத்து இருபதாவது வேணும், மூணு வச்சுக்கிட்டு என்ன பண்றது?

இங்கதான் மொத்த விஷயத்தோட முடிச்சு இருக்கு. அடிக்கடி கடக்குற கிரகம்னா நட்சத்திரத்த ஒட்டி சுத்துற கிரகம், அங்க நிலா நிலைக்காது. பூமியோட ஈர்ப்பு எல்லை 15 லட்சம் கிலோமீட்டர், நிலா 3,84,400ல சொகுசா இருக்கு. டிராப்பிஸ்ட்-1ங்கற மங்கலான குட்டி சிவப்புக் குள்ள நட்சத்திரத்தோட 'இ' கிரகத்துக்கு கணக்கு போட்டா எல்லையே 85 ஆயிரம் சொச்சம் கிலோமீட்டர்தான், அதுலயும் பாதிக்குள்ள இருந்தாதான் நிலா தப்பிக்கும், இருந்தாலும் ஓத அலை இழுப்புல நாளடைவுல உள்ள விழுந்துடவோ வெளிய ஓடிடவோ செய்யும். அதனால சிவப்புக் குள்ள நட்சத்திரங்கள சுத்துற கிரகங்கள் பக்கம், அது எவ்ளோ பேர் வாங்குனதா இருந்தாலும், நிலாவுக்காக போகாதன்னு எழுதிட்டேன். நிலா இருக்க வாய்ப்புள்ள கிரகமோ தூரமா சுத்தும், வருஷக்கணக்குல ஒரு தடவைதான் தலைய காட்டும். கெப்ளர்-1708பிக்கு 737 நாள். கெப்ளர்-167 நட்சத்திரத்தோட 'இ' கிரகத்துக்கு 1071 நாள், இத 2024 அக்டோபர்ல ஜேம்ஸ் வெப் விண்வெளி டெலஸ்கோப் ரெண்டு நாளுக்கு மேல விடாம பாத்துச்சு. வியாழன் மாதிரியே குளிர்ந்த கிரகம், நிலா தேட அருமையான ஆளு, ஆனா அடுத்த சான்ஸ் கிட்டத்தட்ட மூணு வருஷம் கழிச்சுதான். அஞ்சு வருஷ பிஎச்டில ஒண்ணோ ரெண்டோ தடவை. அன்னிக்கு டெலஸ்கோப்ல ஏதாவது கோளாறுன்னா முடிஞ்சுது கதை.

மறுபடி பாக்க முடியுமாங்கறத நான் ஏன் இவ்ளோ பிடிச்சு தொங்குறேன்னா, அதுக்கு நம்ம ஊர் கதை ஒண்ணு இருக்கு. வாணியம்பாடி பக்கம் ஜவ்வாது மலைல காவலூர், அங்க வானத்த பாக்குற ஆய்வுக்கூடம் இருக்கு. 1972 ஜூன் 7, கேனிமீட் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னாடி போச்சு. அத காவலூர்லருந்தும் ஜாவால லெம்பாங்லருந்தும் பாத்தாங்க, நட்சத்திர வெளிச்சம் மறைஞ்ச விதத்த வச்சு கேனிமீட்டுக்கு மெல்லிசா ஒரு காத்து மண்டலம் இருக்குன்னு பேப்பர் போட்டாங்க. 1979ல வாயேஜர் 1 விண்கலம் பக்கத்துல போய் அளந்தப்போ அவ்ளோ காத்து இல்லவே இல்ல. அதே காவலூர்ல 1977 மார்ச் 10, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்த மறைக்கப் போச்சு, மறைக்கிறதுக்கு முன்னாடியே வெளிச்சம் டிப் அடிச்சுது, அதே ராத்திரி பறக்குற விமானத்துல வச்சிருந்த டெலஸ்கோப்புலயும் ஆஸ்திரேலியாலயும் டிப் அடிச்சுது, யுரேனஸ் வளையம்னு உறுதியாச்சு. ஒரே மலை, ஒரே வித்தை, ஆளுங்களும் சளைச்சவங்க இல்ல. ஒண்ணு நெலச்சுது, ஒண்ணு கரைஞ்சுது. வேற ஆளு வேற கருவில சரிபாக்க முடியுறதுலதான் இருக்கு எல்லாம்.

இந்த தராசுல வச்சா மைக்ரோலென்சிங் அடிபட்டு போகும். ஒரு பொருள் தூரத்து நட்சத்திரத்துக்கு முன்னாடி வர்றப்போ ஈர்ப்பு விசை லென்ஸ் மாதிரி வெளிச்சத்த பெருக்கும், அதுல சின்ன துணைப்பொருளும் தெரியும். 2011ல பிடிச்ச ஒரு சம்பவம், நட்சத்திரம் இல்லாம தனியா அலையுற கிரகமும் அதோட நிலாவுமா இருக்கலாம், இல்ல தூரத்துல இருக்குற சின்ன நட்சத்திரமும் அதோட கிரகமுமா இருக்கலாம், ரெண்டுக்கும் ஒரே வளைகோடுதான் வரும். அந்த வரிசை மறுபடி அமையாது. நாசாவோட ரோமன் விண்வெளி டெலஸ்கோப் மேல போனா ஆயிரக்கணக்குல இப்படி பிடிக்கும், நிலாக்கள் பொதுவா எத்தனை இருக்குன்னு கணக்கெடுக்க நல்லது, ஆனா உயிர் இருக்குற நிலாவ தேடுறவனுக்கு பஸ் ஜன்னல்ல பாத்த முகம் மாதிரிதான்.

வாஸ்ப்-49பி வேற ரகம். வாயுக் கிரகம், நட்சத்திரத்த மூணு நாளுக்குள்ள ஒரு சுத்து, அதுக்கு பக்கத்துல சோடியம் மேகம் தெரியுது, கிரகத்தோட வேகமும் மேகத்தோட வேகமும் ஒத்துப்போகல, அதனால வியாழனோட அயோ மாதிரி எரிமலை கக்குற நிலா இருக்கலாம்னு 2024ல ஓசா குழு சொல்லுச்சு. மூணு நாளுக்கு ஒரு தடவை மறுபடி பாக்கலாம், தரைல இருக்குற டெலஸ்கோப்பே போதும், பிஎச்டிக்கு பக்காவா பொருந்துது. உலகத்துல மொதல்ல உறுதியாகுற எக்ஸோமூன் இந்த பக்கத்துலருந்து வந்தா நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஆனா அங்க உயிரா? அடுப்புக்குள்ள விதை போட்ட மாதிரி. பையன்கிட்ட இத மறைக்காம சொன்னேன், பேர் வாங்கணும்னா இது, நீ கேட்ட கேள்விக்கு பதில் வேணும்னா இது இல்ல.

பிடிஎஸ் 70னு ஒரு இளம் நட்சத்திரம், அதோட 'சி' கிரகத்த சுத்தி தட்டு மாதிரி தூசி இருக்குறத சிலியில இருக்குற அல்மா ரேடியோ டெலஸ்கோப் 2021ல தெளிவா காமிச்சுது, நம்ம நிலா சைஸ்ல மூணு செய்யுற அளவுக்கு சரக்கு இருக்காம். நிலா பொறக்குறத பாக்க நல்ல எடம், தேட இல்ல.

இப்ப எனக்கு பிடிச்சதுக்கு வர்றேன், கிரகத்தையே நேரா படம் பிடிக்கிறது. இதுல பெரிய லாபம், கிரகம் நட்சத்திரத்துக்கு குறுக்க வரணும்னு காத்துக்கிட்டு கெடக்க வேண்டாம், வருஷத்துல அது தெரியுற எந்த ராத்திரியும் பாக்கலாம். மேல சொன்ன முடிச்சு இங்க அவுந்துடுது, நட்சத்திரத்துலருந்து தூரமா நிலாவோட நிம்மதியா சுத்துற கிரகம்தான் இங்க சுலபமா தெரியுறதே. கிரகத்தோட ஒளிய நிறமாலையா பிரிச்சு, அது நம்ம பக்கம் வருதா போகுதான்னு வேகத்த அளந்தா நிலா ஆட்டுற ஆட்டம் தெரியும், 1995ல சூரியன் மாதிரி நட்சத்திரத்த சுத்துற மொத கிரகத்த அந்த நட்சத்திரத்தோட ஆட்டத்த வச்சு பிடிச்ச அதே வித்தைதான், ஒரு படி எறக்கி கிரகத்துக்கே போடுறோம். வேண்டர்பர்க், ரேப்பபோர்ட், மேயோ மூணு பேரும் 2018ல இத எழுதுனாங்க. கணக்கு போட்டு பாருங்க, கேனிமீட் வியாழன ஆட்டுறது செகண்டுக்கு 0.85 மீட்டர், பேரன கூட்டிட்டு தாத்தா நடக்குற வேகம். அதே எடத்துல பூமி எடை நிலா இருந்தா 34 மீட்டர், பைபாஸ்ல கார் 120ல போற வேகம். மங்கலான கிரகத்துல இந்த அளவு துல்லியம் இன்னிக்கு முழுசா இல்ல, ஆனா சிலியில 39 மீட்டர் டெலஸ்கோப் கட்டிட்டு இருக்காங்க, அது வந்தா நிலைமை மாறும்.

இன்னொரு தந்திரமும் இருக்கு, எனக்கு படிச்சப்போ சிரிப்பே வந்துருச்சு. பூமிய தூரத்துலருந்து ஒரு புள்ளியா பாக்குறோம்னு வச்சுக்கோங்க, நிலாவும் அதே புள்ளிக்குள்ள கலந்து கெடக்கும். ஆனா 2.7 மைக்ரான் அலைநீளத்துல பூமியோட நீராவி வெளிச்சத்த முழுங்கிடும், நிலாவுல நீராவி கெடையாது, அதனால அந்த ஒரு நிறத்துல நிலா பூமிய விட பிரகாசம். அப்ப நிறத்த மாத்த மாத்த புள்ளியோட நடு எடம் பூமிக்கும் நிலாவுக்கும் நடுவுல நகரும். ஏகோல் குழு 2015ல சொன்னது. ராட்சச கிரகத்துல மீத்தேன் இந்த வேலைய செய்யும். வீட்ல பெரியவர் கண் அசந்தாதான் சின்னவன் சத்தம் கேக்கும்ல, அது மாதிரி.

குறை இல்லாம இல்ல. இப்ப நேரா படம் பிடிச்சதுல நெறைய கிரகம் பீட்டா பிக்டோரிஸ் பி மாதிரி இளசு, பொறந்த சூடே ஆறாதது, நட்சத்திரத்துலருந்து ரொம்ப தள்ளி. அங்க நிலா இருந்தாலும் அதுக்கு வெளிச்சம் பத்தாது, ஓத அலை சூட்டுல உள்ளுக்குள்ள கடல் இருந்தா உண்டு. மிதமான எடத்துல ராட்சச கிரகம்னா கையில இருக்குற ஒரே பக்கத்து ஆளு ஆல்ஃபா சென்டாரி ஏங்கற நட்சத்திரத்துகிட்ட, தூரம் 4 ஒளி ஆண்டுக்கு கொஞ்சம் மேல. 2024 ஆகஸ்ட்ல ஜேம்ஸ் வெப் அதுக்கு பக்கத்துல ஒரு புள்ளி பாத்துச்சு, சனி எடை இருக்கலாம்னாங்க, 2025 பிப்ரவரிலயும் ஏப்ரல்லயும் பாத்தப்போ காணோம், சுத்துப் பாதைல நட்சத்திரத்த ஒட்டி மறைஞ்சிருக்கலாம். இன்னும் கேண்டிடேட்தான், கிரகமே உறுதியாகல, அதுக்குள்ள நிலாவுக்கு போறது புள்ள பொறக்குறதுக்கு முன்னாடி பேர் வைக்கிற கதை. ஆனா அது இல்லன்னு ஆச்சுன்னாலும் கூட அடுத்த தடவை பாத்து இல்லன்னு சொல்லிட முடியும், எனக்கு அதுவே பெருசு.

பையனுக்கு கடைசியா எழுதுனது இதுதான். கொள்கையில நேரடி படம், அதுல கிரகத்தோட ஆட்டத்த அளக்குற பக்கம். ஆனா அத மட்டும் நம்பி போகாத, 39 மீட்டர் டெலஸ்கோப் உன் பிஎச்டி முடியுறதுக்குள்ள வரும்னு கேரண்டி இல்ல, அதனால மொத ரெண்டு வருஷம் டிரான்சிட்ல பழகு, அந்த சரிவ கழிக்கிற சண்டைய கையால போட்டு பழகு, ஐரோப்பாவோட பிளாட்டோ விண்வெளி டெலஸ்கோப் மேல போறப்போ 26 கேமராவோட பிரகாசமான நட்சத்திரங்களா பாத்து டேட்டா கொட்டும், அப்ப உனக்கு வேலை தெரிஞ்சிருக்கணும். மைக்ரோலென்சிங் வேண்டாம். வாஸ்ப்-49பி பக்கம் கைடு இழுத்தா மறுக்காத, பேப்பர் வரும், ஆனா உன் கேள்வி அது இல்லங்கறத மறந்துடாத.

ரெண்டு நாள் பதிலே இல்ல. அக்கா வேற போன் பண்ணி "வேலைக்கு போடான்னு சொல்ல மாட்டியா நீ"ன்னு ஒரு ரவுண்டு விட்டுச்சு. மூணாவது நாள் அவன்கிட்டருந்து மெசேஜ், இவ்ளோ எழுதுனதுக்கு ஒரு வரி: "மாமா, ஆல்ஃபா சென்டாரி நம்ம வீட்டு மொட்டை மாடிலருந்து தெரியுமா?"

தெரியும்டா. மே கடைசில, ராத்திரி பத்து மணிக்கு, நேர் தெற்க பாரு, ரொம்ப மேல தேடாத, எதிர் வீட்டு தென்னை உசரத்துலதான் இருக்கும், பக்கத்து பக்கத்துல ரெண்டு பளிச்சுனு தெரியும், இடது பக்கம் இருக்குறது.